மூன்று வருடக் கணக்கை முதலில் சரிபார்ப்போம்

கேள்வி இது: "எனக்கு வயது 29. நெல்லிக்குப்பம் பக்கம். 19 வயதிலிருந்து சொரியாசிஸ் இருக்கிறது. திருமணமாகி மூன்று வருடம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒரு மாதம்தான் விடுப்பு. நான்கு மாதத்துக்கு முன்பு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டு வந்தேன். அதைச் சாப்பிடும்போது கர்ப்பமாகக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் அவர் விடுப்பில் வரும்போதெல்லாம் ஆணுறை பயன்படுத்தினோம். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. குழந்தை வேண்டும் என்று ஐந்து மாதத்துக்கு முன்பு மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். இப்போது முழங்கை, முதுகு, தொடை என்று பரவிவிட்டது. மாதவிடாய் நாற்பத்தைந்து, ஐம்பது நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது. 'தோலே சரியில்லாத உடம்பில் கரு எப்படித் தங்கும்?' என்று மாமியார் கேட்கிறார். உண்மையிலேயே தோல் நோயால்தான் குழந்தை இல்லையா? பிறக்கும் குழந்தைக்கும் இது வருமா?"

நான் கடலூரில் இருபது வருடத்துக்கும் மேலாகத் தோல் நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். உங்கள் மாமியார் கேட்ட கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பல மாமியார்கள் என் எதிரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு கூட்டல் கழித்தல் பாக்கி இருக்கிறது.

"மூன்று வருடம்" என்பது பந்தல் போட்ட நாளிலிருந்து ஊரார் எண்ணும் கணக்கு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இந்த மூன்று வருடத்தில் கணவரும் நீங்களும் சேர்ந்திருந்தது ஏறக்குறைய ஏழு மாதம். அதில் விடுப்பு மாதங்கள் மூன்றும் ஆணுறையோடு கழிந்தவை. மிச்சம் நான்கு மாதம். மாதவிடாய் ஐம்பது நாளுக்கு ஒரு முறை வருகிறவருக்கு நான்கு மாதத்தில் இரண்டு முட்டை வெளிவந்திருந்தால் அதிகம். ஆக, உங்களுக்கு இதுவரை கிடைத்த வாய்ப்பு இரண்டே இரண்டு. தடுப்பு எதுவும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தரிக்காவிட்டால்தான் மருத்துவத்தில் அதைக் குழந்தையின்மை என்று சொல்லத் தொடங்குவோம். 35 வயதைக் கடந்தவர்களுக்கு அது ஆறு மாதம். உங்களுக்கு அந்தப் பெயரை யாரும் சூட்டும் காலம் இன்னும் வரவில்லை. கடலூர் மாவட்டத்தில் பல வீடுகளில் ஆண்கள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்களின் 'குழந்தையில்லாத வருடங்களை' எண்ணும்போது விமான டிக்கெட்டுகளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு.

இனி நோய்க்கு வருவோம். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்று சொல்லும் இந்த நோய் தோலில் தெரிகிறதே தவிர, தோலில் தொடங்குவதில்லை. உடம்பின் எதிர்ப்பு மண்டலம் காரணமில்லாமல் விழித்துக்கொண்டு டி.என்.எஃப்., இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-23 போன்ற அழற்சிப் பொருள்களை ஓயாமல் சுரக்கிறது. அதன் தூண்டுதலால், சுமார் ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிர வேண்டிய தோல் செல்கள் நாலைந்து நாளில் மேலே வந்து செதிலாகக் குவிகின்றன. தொட்டால் ஒட்டாது. ரத்தம் கெட்டுப்போனதால் வருவதும் இல்லை. தொழுநோயோடு இதைக் குழப்பிக்கொள்ளும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. இத்தனைக்கும் தொழுநோயையே விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகள் 2019இல் நீக்கப்பட்டுவிட்டன.

இந்த அழற்சி கருப்பையை அடைத்துவிடுமா? சினைப்பையை வற்றச் செய்துவிடுமா? அப்படி ஒரு நேரடிச் சங்கிலியை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் தொடர்பே இல்லை என்று சொன்னாலும் பொய்யாகிவிடும். 2023இல் பிரிட்டனிலிருந்து பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளிலிருந்து சொரியாசிஸ் உள்ள 60,000க்கும் மேற்பட்ட பெண்களை எடுத்து, நோயில்லாத அதே வயதுப் பெண்களோடு ஒப்பிட்டார்கள். மிதமானது முதல் கடுமையானது வரை நோய் உள்ளவர்களிடம் கர்ப்பமாகும் விகிதம் ஏறக்குறைய கால் பங்கு குறைவாக இருந்தது. கருச்சிதைவும் கொஞ்சம் கூடுதல். ஆனால் அந்தக் கூடுதல் மிகச் சிறியது.

இந்த இடத்தில் நிதானமாகப் படிக்க வேண்டும். அவர்கள் எண்ணியது எத்தனை பேர் கர்ப்பமானார்கள் என்பதை. எத்தனை பேர் முயன்றும் முடியவில்லை என்பது அந்தப் பதிவேட்டில் இல்லை. உங்களைப் போல மருந்துக்காகத் தள்ளிப்போட்டவர், கூச்சத்தால் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர், குழந்தைக்கும் வந்துவிடுமோ என்று பயந்து நிறுத்திக்கொண்டவர் எல்லோரும் அந்தக் குறைந்த கால் பங்குக்குள் அடக்கம். ஆகவே அதை "சொரியாசிஸ் வந்தால் கால்வாசிப் பேருக்குக் குழந்தை பிறக்காது" என்று யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் நம்பாதீர்கள். நான் அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்வது வேறு: லேசான நோயை விடக் கடுமையான நோய்தான் வேறுபாட்டைக் காட்டுகிறது. அப்படியென்றால் நோயைக் கட்டுக்குள் வைப்பது, குழந்தை பெறும் முயற்சியின் ஒரு பகுதி. நீங்கள் அதற்கு எதிர்த்திசையில் போயிருக்கிறீர்கள். குழந்தைக்காக மருந்தை நிறுத்தினீர்கள், நோய் கிளம்பிவிட்டது.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது தோல் அல்ல, அந்த ஐம்பது நாள் மாதவிடாய். சொரியாசிஸ் உள்ள பெண்களிடம் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை மற்றவர்களை விடக் கூடுதலாகக் காணப்படுகிறது. இரண்டுக்கும் பின்னால் இன்சுலின் சரியாக வேலை செய்யாத தன்மையும் உடல் எடையும் பொதுவாக நிற்கின்றன. நீர்க்கட்டி என்ற பெயரே பயமுறுத்துகிறது. அறுத்து எடுக்க வேண்டிய கட்டி எதுவும் அங்கே இல்லை. முழுதாக முதிராமல் பாதியில் நின்ற சிறுசிறு முட்டைப் பைகள்தான் ஸ்கேனில் அப்படித் தெரிகின்றன. முட்டை மாதாமாதம் வெளியே வராததால் வாய்ப்பு குறைகிறது, அவ்வளவே. மாத்திரைகளுக்கு நன்றாகக் கட்டுப்படுகிற பிரச்சினை இது. கூடுதல் எடை உள்ளவர் தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு முட்டை வெளியாவது சீராகிறது. அதே எடைக் குறைவு தோலையும் தணிக்கிறது. ஒரே உழைப்புக்கு இரண்டு கூலி. ஒரு ஸ்கேன், தைராய்டு, சர்க்கரை, புரோலாக்டின் என்ற ஹார்மோன், இவற்றை இப்போதே பார்த்துவிடலாம். மாதவிடாய் இவ்வளவு தள்ளிப்போகும்போது ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை.

கணவருக்கு விந்தணுப் பரிசோதனை செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரில் பெண்ணுக்கு இரண்டு ஸ்கேன், கருக்குழாய்ப் படம், மூன்று கோயில் எல்லாம் முடிந்த பிறகுதான் ஆணுக்கு ஒரு சிறிய டப்பாவைக் கொடுப்பார்கள். எளிய, மலிவான, வலியில்லாத பரிசோதனை அதுதான். அதை முதலில் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் கேட்டாக வேண்டும். பெண் மருத்துவர் என்பதால் நேராகவே கேட்கிறேன். தொடையில் பரவிவிட்டது என்கிறீர்கள். பிறப்புறுப்பைச் சுற்றியும் இருக்கிறதா? சொரியாசிஸ் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் அந்த இடத்தில் வருகிறது. அங்கே செதில் இருக்காது. சிவந்து, வழவழப்பாக, எரிச்சலோடு இருக்கும். பூஞ்சைத் தொற்று என்று நினைத்து மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசுவார்கள். உறவின்போது வலிக்கும். வலிக்கிறது என்று சொல்ல வெட்கம். கணவரோ, தொட்டால் வேதனைப்படுகிறாளே என்று ஒதுங்கியிருப்பார். இருட்டில், அவசரத்தில், மாதத்துக்கு ஒரு முறை என்று தாம்பத்தியம் சுருங்கிப்போன தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஹார்மோன் பரிசோதனையிலும் இது தெரியாது. மென்மையான களிம்பு சில வாரம் போட்டால் அந்த இடம் அடங்கிவிடும். உங்கள் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். ஆண் டாக்டர் என்றால் நர்ஸிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்போது மருந்து விவகாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறுகள் நடப்பது இங்கேதான்.

மெத்தோட்ரெக்சேட் உங்கள் சினைப்பையைக் கெடுத்திருக்குமோ என்று பயந்திருப்பீர்கள். தோலுக்குக் கொடுக்கும் சிறிய வாராந்தர அளவில் அது நிரந்தர மலட்டுத்தன்மையை உண்டாக்குவதில்லை. கருக்குழாயில் தங்கிய கருவைக் கரைக்க இதே மருந்தை ஊசியாகப் போடுகிறோம். அந்தப் பெண்கள் பிறகு கருத்தரித்துக் குழந்தை பெறுகிறார்கள். ஆபத்து வேறு. கரு உருவாகும்போது இந்த மருந்து உடலில் இருந்தால் கருச்சிதைவும் பிறவிக் குறைகளும் நேரலாம். அதனால் கடைசி மாத்திரைக்கும் கருத்தரிக்கும் முயற்சிக்கும் இடையே குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும் என்பது பல மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. சில நாடுகளின் மருந்துக் குறிப்புகள் ஆறு மாதம் என்கின்றன. நீங்கள் நிறுத்தி ஒரு மாதத்தில் கணவர் வந்துவிட்டார். முதல் இரண்டு மாதத்தில் கரு தங்காமல் போனதற்காக அழுதிருப்பீர்கள். நானோ அதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். யாருக்காவது இந்த மருந்து சாப்பிடும்போதே நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானால், அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும். தானாகக் கருவைக் கலைக்க மாத்திரை வாங்கும் வேலை கூடவே கூடாது. எத்தனை வாரம், எவ்வளவு அளவு என்று பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

ஃபோலிக் அமில மாத்திரையை மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்துத் தந்திருப்பார்கள். பலரும் இரண்டையும் ஒன்றாக நிறுத்திவிடுகிறார்கள். ஃபோலிக் அமிலத்தைத் தொடர வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் முதல் சில வாரங்களில், அதாவது நாள் தள்ளிப்போனதே தெரியாத நாள்களில், அது உடலில் இருக்க வேண்டும்.

இதைவிடக் கடுமையான ஒன்று அசிட்ரெடின். சொரியாசிஸுக்கு நல்ல மருந்துதான், ஆனால் குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு அதை எழுதவே கூடாது என்பது என் கருத்து. நிறுத்திய பிறகும் மூன்று ஆண்டு கர்ப்பமாகக் கூடாது. உடலில் மது சேர்ந்தால் இன்னும் நீண்ட காலம் தங்கும் வேறொரு பொருளாக அது மாறிவிடுகிறது. முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயினும் இதே குடும்பம். அதற்கு ஒரு மாத இடைவெளி போதும். நீங்கள் கடந்த ஆண்டுகளில் வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்று பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். "சிவப்பு மாத்திரை ஒன்று, பெயர் ஞாபகமில்லை" என்று ஒரு பெண் சொன்னாள். அது எதுவென்று கண்டுபிடிக்கப் பழைய ரசீதைத் தேடி இரண்டு வாரம் அலைந்தோம். எங்கே வாங்கியது என்று சொல்லப் போவதில்லை, ஆனால் அந்தக் கடையில் சீட்டே கேட்காமல் மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கொடுத்திருந்தார்கள்.

நிறுத்த வேண்டியதை நிறுத்தினால் மட்டும் போதாது. அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். இருக்கிறது, வழிகள் இருக்கின்றன. முதலாவது ஒளி சிகிச்சை. குறுகிய அலைவரிசைப் புற ஊதாக் கதிரை வாரம் இரண்டு மூன்று முறை சில நிமிடம் உடலில் படச் செய்வது. கர்ப்பத்திலும் தரலாம். அந்த ஒளி ரத்தத்தில் உள்ள ஃபோலேட்டைக் குறைக்கக் கூடும் என்பதால் ஃபோலிக் அமிலம் அவசியம், அவ்வளவுதான். சொராலன் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வெயிலில் நிற்கும் பழைய முறை இதோடு சேராது, அது வேண்டாம். பஸ் பிடித்து வாரம் மூன்று முறை போவதுதான் இதிலுள்ள கஷ்டம். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டாவது வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

களிம்புகளில், மிதமான வீரியமுள்ள ஸ்டீராய்டு பயப்பட வேண்டியதல்ல. மிகவும் வீரியமானதை, உதாரணமாகக் குளோபெடசோலை, கர்ப்பம் முழுவதற்கும் சேர்த்து 300 கிராமுக்கு மேல் பயன்படுத்தினால் குழந்தையின் எடை குறையும் வாய்ப்பு கூடுகிறது. 30 கிராம் டியூப் என்றால் பத்து. அது அதிகமில்லையா என்று தோன்றலாம், ஆனால் உடல் முழுதும் பரவியவருக்கு ஒரே மாதத்தில் பத்து டியூப் தீர்ந்துவிடும். நம் கடைகளில் கிடைக்கும் கலவைகளில் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்தே வரும்; அதை அகலமான பரப்பில், குறிப்பாகப் பிந்தைய மாதங்களில் பூசக் கூடாது. குளித்த மூன்று நிமிடத்துக்குள் ஈரத்தோடு வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுவதை யாரும் மருந்தாக மதிப்பதில்லை. அதைச் சரியாகச் செய்பவர்களுக்குக் களிம்பு பாதி போதும்.

மாத்திரை தேவைப்படும் அளவுக்கு நோய் கடுமையென்றால் சைக்ளோஸ்போரின் இருக்கிறது. ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கவனித்துக்கொண்டு கர்ப்பத்திலும் கொடுக்கிறோம். அதற்கும் மேல், டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருள்களை நேராகத் தடுக்கும் பயாலஜிக் ஊசிகள். அவற்றில் ஒன்றான அடாலிமுமாபின் உள்நாட்டுத் தயாரிப்பு 2014இல் வந்த பிறகு விலை முன்பைவிடக் குறைந்திருக்கிறது, ஆனாலும் எல்லோருக்கும் எட்டுகிற விலை என்று சொல்ல மாட்டேன். கருவுக்கு மிகக் குறைவாகவே கடந்து போவது செர்டோலிசுமாப், அதன் அமைப்பு அப்படி. இந்த ஊசிகளைத் தொடங்குமுன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்ப்பது நம் நாட்டில் கட்டாயம். இன்னொரு விஷயத்தைப் பிரசவ வார்டில் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம்மூரில் குழந்தை பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுகிறோம்; அது உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி. தாய் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அடாலிமுமாப் போன்ற டி.என்.எஃப். எதிர்ப்பு ஊசி போட்டிருந்தால், அந்த மருந்து குழந்தையின் ரத்தத்திலும் இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு பி.சி.ஜி.யைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டும். இதைத் தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைக்கச் சொல்வேன்.

மூட்டு வலியும் இருந்தால் வலி மாத்திரைகளில் கவனம். டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால், முதிர்ந்த முட்டை பையிலிருந்து வெடித்து வெளியேறுவதை அவை சில சமயம் தடுத்துவிடும். குழந்தைக்கு முயலும் மாதங்களில் வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று பாருங்கள்.

வெட்பாலைத் தைலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடலூரில் அதைத் தொடாத சொரியாசிஸ் நோயாளியை நான் பார்த்ததில்லை. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். மேலே பூசுவதில் எனக்கு மறுப்பில்லை, செதில் மிருதுவாகும். உள்ளுக்குச் சாப்பிடும் பற்பம், செந்தூரம் விஷயத்தில்தான் கண்டிப்பாக இருக்கிறேன். அவற்றில் சில பாதரசம், கந்தகம், பாஷாணம் சேர்த்துச் செய்யப்படுபவை. பெயரில்லாத பொட்டலத்தில் வருவதைக் கருத்தரிக்க முயலும் பெண் சாப்பிடக் கூடாது. தேர்ந்த சித்த மருத்துவரிடம் "நான் குழந்தைக்கு முயல்கிறேன்" என்று சொன்னால் அவரே அதைக் கொடுக்க மாட்டார். மீன், கருவாடு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசம் சோற்றில் காலம் தள்ளுகிறீர்களா? மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீன்கள் தோலைக் கெடுப்பதில்லை. கடற்கரை மாவட்டத்தில் பிறந்துவிட்டு மீனுக்குப் பத்தியம் இருப்பது வீண் தண்டனை.

கரு தங்கிய பின் தோல் என்னவாகும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாதிப் பேருக்குக் கர்ப்பத்தில் நோய் தணிகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கூடுகிறது. மற்றவர்களுக்கு மாற்றமில்லை. பிரசவத்துக்குப் பிறகு நிலைமை திரும்பிவிடும். சில வாரங்களுக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் மறுபடி கிளம்புகிறது. பச்சை உடம்பு, தூக்கமில்லாத இரவுகள், அறுவை செய்திருந்தால் தழும்பின் மேலேயே புதிய திட்டு. முன்கூட்டியே தெரிந்தால் அதற்கான மருந்தைத் திட்டமிட்டு வைக்கலாம், "பிள்ளை பிறந்த ராசி" என்று குழந்தைமேல் யாரும் பழிபோடவும் முடியாது. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி லேபெட்டலால் மாத்திரை கொடுத்தால் சிலருக்குத் தோல் கூடலாம். அப்போதும் அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, தோலை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நடு இரவானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கர்ப்பத்தின் பிந்தைய மாதங்களில் காய்ச்சலோடு, சிவந்த தோலின் மேல் சிறுசிறு சீழ்க் கொப்புளங்கள் வளையமாகக் கிளம்பினால் அது கொப்புள சொரியாசிஸ். அரிதானது, ஆனால் தாய்க்குக் கால்சியம் இறங்கும், குழந்தைக்கும் ஆபத்து. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் இதைக் கிளப்பிவிடும். "நாட்டு மருந்து" என்று சொல்லி ஸ்டீராய்டு கலந்து விற்கும் பொடிகளுக்கு இதனால்தான் நான் பயப்படுகிறேன்.

குழந்தைக்கு வருமா என்ற கேள்வி. பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் ஏறக்குறைய ஏழு குழந்தைகளில் ஒன்றுக்கு வாழ்நாளில் எப்போதாவது வரலாம். இருவருக்கும் இருந்தால் பத்தில் நான்கு. உங்கள் கணவர் உறவுக்காரர் என்றால் அவர் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஏழில் ஆறு பேருக்கு வராது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். வந்தாலும் உங்கள் காலத்தில் இல்லாத மருந்துகள் அந்தப் பிள்ளைக்கு இருக்கும்.

இதைப் படிக்கும் வேறு பெண்களுக்காக ஒரு வார்த்தை. அக்குளிலும் தொடை இடுக்கிலும் மார்புக்கு அடியிலும் திரும்பத் திரும்பக் கட்டி வந்து, உடைந்து, தழும்பாகி, மாதவிடாய்க்கு முன் கூடுகிறதென்றால் அது சூட்டுக் கட்டி ஆகாது. ஹைட்ராடெனிடிஸ் என்ற நாள்பட்ட அழற்சி நோய். இளநீரிலும் வெந்தயத்திலும் பல வருடம் போய்விடும். உலகம் முழுவதுமே இந்த நோயின் பெயரைக் கண்டுபிடிக்கச் சராசரியாக ஏழு வருடத்துக்கும் மேல் ஆகிறது. இதற்கும் நீர்க்கட்டிக்கும் நெருக்கம் அதிகம். இதற்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும், டாக்சிசைக்ளின் கர்ப்பத்தில் கூடாது. ஆகவே இவர்களும் குழந்தைத் திட்டத்தை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சொரியாசிஸை அடக்கும் வரை, இரண்டு மூன்று மாதம், மறுபடி ஆணுறைக்குத் திரும்புங்கள். அந்த இடைவெளியில் மெத்தோட்ரெக்சேட் முழுதாக விலகியிருக்கும், ஒளி சிகிச்சையோ சைக்ளோஸ்போரினோ வேலை செய்திருக்கும், ஸ்கேனும் கணவரின் பரிசோதனையும் கையில் இருக்கும். தோல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது முக்கியம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அது இருக்கும் கோரிமேடு போய்வர ஒரு நாள் போகும், ஆனால் இரண்டு வேலையும் அங்கேயே முடியும். கடலூரிலேயே பார்ப்பதென்றால் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் தொடங்கலாம். எங்கே போனாலும் பழைய மருந்துச் சீட்டுகள், கடைசி ஆறு மாதவிடாய்த் தேதிகள், இரண்டையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு என்ன சொல்வது? ஆணுறை விஷயத்தை நீங்கள் சொல்ல வேண்டாம். கணவர் சொல்லட்டும். "டாக்டர் சொல்லித்தான் தள்ளிப்போட்டோம், நானும்தான் முடிவு செய்தேன்" என்று மகன் வாயிலிருந்து ஒரு முறை வந்தால், மூன்று வருடப் பேச்சு அன்றோடு நிற்கும். அப்படியும் நிற்கவில்லையென்றால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். என் அறையில் வந்து உட்கார்ந்த மாமியார்களில் பலர், முழங்கையை இழுத்து மறைத்துக்கொண்டு, "எனக்கும் கொஞ்சம் இருக்கிறதம்மா" என்று கடைசியில் சொன்னவர்கள்.